கிரவுண்ட் எண்டா கிரவுண்ட்தான்

இலக்கியச் சஞ்சிகைக்கு மின்சுற்றுப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சக ஆசிரியர் ஒருவர் சிரித்தார். "கவித எழுதுற பக்கத்துல கரண்ட் கதையா சேர்?" என்றார். கவிதை எனக்கு வராது. 2011 ஆம் ஆண்டிலிருந்து நெஞ்சில் கிடக்கும் இந்த ஒரு விசயத்தைத்தான் எழுத வருகிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் இருவாயி, கொள்ளளவி என்று சில சொற்களை வாசகர்கள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறி ஆறேழு வருடங்கள் ஆகியிருந்த காலம். கிராமத்துப் பாடசாலை. விஞ்ஞானத்துக்கு நான் ஒருவன்தான். தரம் 11 பிள்ளைகளை வலயமட்ட விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற வெறி அந்த வருடம் எனக்குள் ஏறியிருந்தது. தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் கணினித் திரையில் அறிவிப்பு வர வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம். யாரோ பாவித்துக் கழித்துக் கொடுத்த பழைய கணினிகள் எங்கள் அறையில் ஆறு இருந்தன. முதுகில் இருபத்தைந்து துளைகளோடு அச்சுப்பொறிக்கென ஒரு வாய் இருக்குமே, பரலல் போர்ட், அதன் வழியாகத்தான் சைகை உள்ளே போக வேண்டும்.

தாங்கியில் இரண்டு கம்பிகள், ஒரு திரான்சிற்றர், சில தடையிகள். அதுவரை சரி. சுற்றுக்கு 5 வோல்ற்று வேண்டும். நல்ல நிலைமாற்றி ஒன்று வாங்கப் பணமில்லை. பழைய புத்தகமொன்றில் குறுக்கு வழி கண்டேன். 0.47 மைக்ரோ பரட் கொள்ளளவி ஒன்றின் ஊடாக வீட்டு மின்சாரத்தை நேரே இழுத்து, ஓர் இருவாயியாலும் ஒரு ஸீனராலும் அடக்கி 5 வோல்ற்றாக்கும் முறை. கொள்ளளவி 50 ஹேட்ஸில் முப்பத்து நான்கு மில்லியம்பியருக்கு மேல் விடாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. மல்டிமீற்றரை வைத்தேன், 5 வோல்ற்று. மனதுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தச் சுற்றில் ஒரு பொல்லாத விசயம் இருக்கிறது. கொள்ளளவி ஒரு கம்பியில்தான் இருக்கும். மற்றக் கம்பி சுவரிலிருந்து நேராக வந்து சுற்றின் கிரவுண்டில் அமர்ந்துவிடும். அந்தக் கம்பி நடுநிலைக் கம்பியாக இருக்கும்வரை பெரிதாக ஒன்றுமில்லை. பிளக்கைத் திருப்பிச் செருகினால் அதே கிரவுண்ட் 230 வோல்ற்றில் நிற்கும். அப்போதும் மல்டிமீற்றர் 5 வோல்ற்று என்றுதான் காட்டும். அது பார்ப்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும். வெள்ளத்தில் மிதக்கும் படகுக்குள் பாய்மரத்தின் உயரத்தை அளக்கிறவனுக்கு வெள்ளம் எவ்வளவு உயரம் என்று தெரியாது.

குழுவில் ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் வேண்டாம். மற்றப் பிள்ளைகள் கம்பி உரிப்பதிலும் ஈயம் ஒட்டுவதிலும் போட்டி போடுவார்கள். இவள் வரைபடத்தை வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு கோடாகப் போய்க்கொண்டிருப்பாள். முதல் நாள் இணைக்கும்போது கேட்டாள்:

"சேர், இந்தப் படத்துல கிரவுண்ட் எண்டு போட்டிரிக்கி. கொம்பியூட்டர்ட படத்துலயும் கிரவுண்ட் எண்டு போட்டிரிக்கி. ரெண்டும் ஒண்டா சேர்?"

"கிரவுண்ட் எண்டா கிரவுண்ட்தான் புள்ள. ரெண்டையும் சேர்த்துக் கட்டு" என்றேன்.

அன்று வேலை செய்தது. தாங்கியில் தண்ணீர் ஏற, திரையில் "நிரம்பியது" என்று வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதிபரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் வாளித் தண்ணீரில் தன் விரலை விட்டுப் பார்த்தார். இன்று நினைத்தால் அதற்கும் நெஞ்சு பதறுகிறது.

இரண்டாவது நாள் காலை, கணினி அறை. அந்த அறைக்குள் சப்பாத்தோடு போகக் கூடாது என்பது எங்கள் பாடசாலைச் சட்டம். தூசி போனால் கணினி பழுதாகும் என்று யாரோ சொன்னதிலிருந்து அதை மார்க்கம் போலக் கடைப்பிடித்தோம். வாசலில் சப்பாத்துகள் வரிசையாக இருக்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நிற்பார்கள். அன்று தரை கழுவி ஈரம் காயவில்லை. எங்கள் சுற்றின் வயர் பழையது. பிளக்கோடு சேரும் இடத்தில் வெடித்திருந்ததால் ஒரு பக்கம் கறுப்பு டேப் சுற்றியிருந்தேன். இரண்டு முனைப் பிளக். எப்படித் திருப்பினாலும் செருகுபடும். அன்று யார் செருகியது என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்தேன். நான்தான் செருகினேன்.

கணினி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு குறையும் இல்லை. அவள் போர்ட்டின் செருகியை இறுக்குவதற்காகக் கணினியின் முதுகுப்புறம் கையை விட்டாள். உள்ளங்கை தகட்டில் பட்டிருக்க வேண்டும். ஒரு சத்தமும் வரவில்லை. கத்தியிருந்தால் கூட நல்லது என்று தோன்றும்படியான ஒரு மௌனம். உடம்பு விறைத்து, பிறகு தூக்கி எறிந்ததுபோலப் பின்னால் கதிரையோடு விழுந்தாள். நான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். முழங்கையில் இரத்தம். விரல் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி. கண் திறந்திருந்தது. பேச்சு வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் குமிழ்களை ஒட்டி ஈ.ஸீ.ஜீ. எடுத்தார்கள். டொக்டர் நீளத் தாளைப் பார்த்துவிட்டு, ஓர் இரவு இருக்கட்டும் என்றார். அடுத்த நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

இனித்தான் நான் எழுதக் கூசும் இடம்.

பாடசாலையின் மின்னிணைப்புப் பற்றி விசாரித்தபோது இரண்டு குறைகள் வெளிவந்தன. மழைக் காலத்தில் அடிக்கடி விழுகிறது என்பதற்காக ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரடியாகக் கம்பி கொடுத்திருந்தார்கள். கணினி அறைச் சொக்கெட்டுகளுக்குப் புவிக்கம்பியே வரவில்லை. இரண்டும் உண்மை. புவிக்கம்பி சரியாக இருந்திருந்தால் கணினியின் தகடு அப்படி உயிர்பெற்று நின்றிருக்காது; ட்ரிப் சுவிட்ச் சரியாக இருந்திருந்தால் அவள் தொட்டதும் அது விழுந்திருக்கும். அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். விபத்துக்குப் பழைய மின்னிணைப்பே காரணம் என்று எழுதி, கண்கண்ட சாட்சியாக என்னையும் கையொப்பமிடச் சொன்னார். போட்டேன். அடுத்த வருடம் பாடசாலை முழுக்கப் புது வயரிங் வந்தது. என் 0.47 கொள்ளளவியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தச் சுற்றை அன்றிரவே வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேலே ஒளித்து வைத்தேன்.

அதைவிடக் கொடுமை, பிள்ளையின் வாப்பா வந்தது. வயல்காரர். மஃரிப் முடிந்து, சைக்கிளில் ஒரு குலை செவ்விளநீர் கட்டிக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர், நீங்க ஓடிப்போய் மெயின எறக்காட்டி என்ட புள்ள மௌத்தாகியிருக்கும். அல்லாஹ் ஒங்கள அந்த எடத்துல வெச்சிரிக்கான்" என்றார். இருங்க காக்கா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்று சொன்னேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அந்த இளநீரை நான் குடிக்கவில்லை. உம்மா குடித்தார். நல்ல ருசி என்றார்.

கண்காட்சிக்குப் போகவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தச் சுற்றை ஒரு பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டு சந்தையடியில் ரேடியோ திருத்தும் காக்காவிடம் போனேன். அவர் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் ஊரில் டீவி பழுதானால் எல்லோரும் அவரிடம்தான். பார்சலைப் பிரித்து ஒரு பார்வை பார்த்தார். கொள்ளளவியைப் பார்த்ததும் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"சேர், பூமி எண்டு நாம படத்துல பேர் வெச்சது வேற. கால்ல படுற பூமி வேற" என்றார். பிறகு தன் மேசைக்குக் கீழே காட்டினார். பாரமான ஒரு நிலைமாற்றி. 230 வோல்ற்று உள்ளே, அதே 230 வெளியே. ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. "இது என்னத்துக்கு எண்டு கேக்கிறாங்க. பழைய டீவிர செசி மெயினோட ஒட்டிக் கெடக்கும். இதுக்கால எடுத்தாத்தான் நான் உசிரோட வேல செய்யலாம்."

நிலைமாற்றியில் இரண்டு சுருள்கள். ஒன்றையொன்று கம்பியால் தொடுவதில்லை. ஒரு சுருளில் மின்னோட்டம் மாறும்போது எழும் காந்தப் புலம் மற்றச் சுருளில் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. மைக்கல் பரடே 1831 ஓகஸ்ட் 29 இல் இரும்பு வளையமொன்றில் இரண்டு சுருள்களைச் சுற்றிக் கண்டது அதைத்தான். நான் கலாசாலையிலும் படித்தேன், வகுப்பிலும் படிப்பித்தேன். வோல்ற்றைக் கூட்டக் குறைக்க என்றே படிப்பித்தேன். இரண்டு பக்கங்களையும் பிரித்து வைக்கவும் அது இருக்கிறது என்று எனக்கு உறைத்தது அந்தக் கடையில்தான்.

ஆனால் நிலைமாற்றி மாறுகின்றதை மட்டுமே கடத்தும். தாங்கி நிரம்பி அப்படியே நிற்கிறது என்ற சேதியை அதனால் நேரடியாகச் சொல்ல முடியாது. அதற்கு என்ன செய்வது என்று கேட்டேன். காக்கா குப்பைப் பெட்டியிலிருந்து செத்துப்போன போன் சார்ஜர் ஒன்றை எடுத்து உடைத்தார். உள்ளே பலகையின் நடுவே செம்பே இல்லாத ஒரு வெற்றுப் பட்டை, இரண்டு ஊர்களுக்கு இடையிலான வாய்க்கால் போல. அதைத் தாண்டிப் போவது மூன்றே பொருட்கள். சின்ன நிலைமாற்றி ஒன்று, நீலக் கொள்ளளவி ஒன்று, நான்கு கால்களோடு அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டு ஒன்று. இரண்டு கால் இந்தக் கரையில், இரண்டு கால் அந்தக் கரையில். அதன் முதுகில் 817 என்று எழுதியிருந்தது.

"இதுக்குள்ள ஒரு பக்கம் வெளக்கு. மத்தப் பக்கம் கண்ணு. நடுவால கம்பி போகல்ல சேர், வெளிச்சம் மட்டுந்தான் போகுது."

ஒளியிணைப்பி. ஒரு கரையில் ஒளி காலும் இருவாயி. அது விடுவது நம் கண்ணுக்குப் படாத செந்நிறக்கீழ் ஒளி. எதிர்க் கரையில் அந்த ஒளி பட்டால் மின்னோட்டத்தை விடும் திரான்சிற்றர். நடுவே ஒளி மட்டும் புகும் பிசின். இரு கரைகளுக்கும் இடையே 5000 வோல்ற்று வரை தாங்கும் என்று அதன் தரவுத் தாள் சொல்கிறது. சார்ஜரின் ஒரு கரையில், மெயினை நேராக்கியதால் வரும் 325 வோல்ற்று. மறு கரையில் நாம் கையில் பிடிக்கும் 5 வோல்ற்று. வெளியே வோல்ற்று கூடினால் "போதும், குறை" என்று உள்ளே சொல்ல வேண்டுமே, அந்தச் சேதியைத்தான் இந்தக் கறுப்புத் துண்டு கொண்டுபோகிறது. அந்த நாட்களில் நாம் பாவித்த சார்ஜர்களில் பலவற்றில் இது இருந்தது. நம்மவர்கள் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கிய சார்ஜர்கள்.

அவர் அதைக் கழற்றித் தந்தார். காசு வாங்கவில்லை.

வீட்டில் இருந்து செய்தேன். தாங்கிப் பக்கத்துக்கு மெயினே வேண்டாம் என்று தீர்மானித்து நான்கு பற்றரிகளை வைத்து 5 வோல்ற்றாக்கினேன். இருவாயி 1.2 வோல்ற்றை எடுத்துக்கொள்ள மிச்சம் 3.8. 390 ஓம் தடையி போட்டால் கிட்டத்தட்ட 10 மில்லியம்பியர். மறு கரையில் கணினியின் 5 வோல்ற்றிலிருந்து 10 கிலோ ஓம் தடையி. பொருத்தியதும் தலைகீழாக வேலை செய்தது. தாங்கி நிரம்பினால் வெறுமை என்றது, வெறுமையானால் நிரம்பியது என்றது. இருவாயி எரியும்போது அந்தப் பக்கத்துத் திரான்சிற்றர் வோல்ற்றைக் கீழே இழுத்துவிடுகிறது. ஆம் என்று சொன்னது அக்கரையில் இல்லை என்று கேட்கிறது. நிரலில் ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவுதான். இப்போது இரண்டு படங்களிலும் கிரவுண்ட் இருந்தது. இரண்டையும் சேர்க்கவில்லை. சேர்க்காமலே சேதி போனது.

அதை வகுப்பில் காட்டினேன். ஆனால் அந்தப் பிள்ளை அப்போது வகுப்பில் இல்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, நகரத்துப் பாடசாலையில் உயர்தரத்துக்குச் சேர்ந்திருந்தாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. கேட்டவளுக்குத் தப்பான பதில், கேட்காதவர்களுக்குச் சரியான பதில்.

2018 இல் பரிசளிப்பு விழாவின்போது இன்னொரு முறை இதே விசயம் முளைத்தது. மேடை ஒரு கட்டடத்தில், பாடலும் உரையும் ஒலிக்க வேண்டிய கணினி அடுத்த கட்டடத்தில். புது வயரிங்கில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிப் புவிக்கோல் அடித்திருந்தார்கள். அம்பிளிபயருக்கு வயர் இழுத்ததும் ஸ்பீக்கரெல்லாம் "ம்ம்ம்ம்" என்று இரைந்தது. இரு கோல்களும் மண்ணில்தான் இருந்தன. ஆனாலும் அவற்றுக்கிடையே சொற்ப வோல்ற்று வித்தியாசம். நாம் இழுத்த வயரின் உறைக் கம்பியே அவற்றை இணைத்துவிட, அதற்குள்ளால் 50 ஹேட்ஸ் ஓடி இரைச்சலாகியது. ஒலிபெருக்கிக்காரத் தம்பி உடனே வழி சொன்னார்: "பிளக்குட எர்த் பின்ன ஒடச்சி விடுவம் சேர், சத்தம் நிண்டுடும்." நிற்கும்தான். நம் ஊர்களில் எத்தனை மேடைகளில் அப்படி உடைத்திருப்பார்கள்! கையில் மைக்கைப் பிடித்துப் பாடும் பிள்ளையைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. நான் சத்தம் போட்டுவிட்டேன். என்றைக்கும் சத்தம் போடாதவன் போட்டதால் அதிபர் திரும்பிப் பார்த்தார். பழைய மோடம் அட்டை ஒன்றைக் கழற்றி, தொலைபேசிக் கம்பியைப் பிரித்து வைக்க அதில் இருந்த சின்ன நிலைமாற்றியை எடுத்து வயரின் நடுவே போட்டேன். இரைச்சல் நின்றது. பாட்டில் கனம் கொஞ்சம் குறைந்தது. பேச்சு தெளிவாகக் கேட்டது. எங்கள் விழாக்களில் பேச்சுத்தானே அதிகம்.

இப்போது பிள்ளைகள் ஆர்டுயினோ வாங்குகிறார்கள். ரிலே பலகை ஒன்றும் கூடவே வருகிறது, அதில் ஒளியிணைப்பிகள் வரிசையாக நிற்கும். மூலையில் ஒரு சின்ன மஞ்சள் அல்லது நீலத் தொப்பி இரண்டு ஊசிகளைச் சேர்த்தபடி இருக்கும். அந்தத் தொப்பியோடு பாவித்தால் இரு பக்கமும் ஒரே மின்வழங்கலில்தான் ஓடும். ஒளியிணைப்பி இருந்தும் இல்லாததுபோல. மெயினை ரிலேயின் சுருளும் தொடுகையும் பிரித்து வைக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் தொப்பியை ஏன் கழற்ற வேண்டும், கழற்றினால் சுருளுக்குத் தனி மின்வழங்கல் எங்கிருந்து என்று ஒரு பாடம் முழுக்க அதற்கே போகும். பாடவிதானத்தில் இல்லை. பரவாயில்லை.

2023 இல் ஓர் இரவு உம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முகக்கவசம் போட்ட மிஸி ஒருவர் ஈ.ஸீ.ஜீ. இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து நின்றார். "சேர்தானே?"

கண்களை வைத்து மட்டும் என்னால் அடையாளம் காண முடியவில்லை. முழங்கையில் தழும்பைக் கண்டேன்.

உம்மாவின் கை கால்களில் கவ்விகளை மாட்டிக்கொண்டே பேசினாள். இயந்திரத்தைக் காட்டி, "இதுலயும் நோயாளிர பக்கம் வேற, மெயின் பக்கம் வேற சேர். படிக்கக்க சொல்லித் தந்தாங்க. நான் ஒங்களத்தான் நெனச்சன்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. வீட்டின் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லியம்பியரில் விழும். நெஞ்சோடு நேரடியாகத் தொடர்புபடும் உபகரணங்களில், சாதாரண நிலையில், ஒழுகலாமென்று விதிப்பது ஒரு மில்லியம்பியரில் நூறில் ஒரு பங்கு. இதைப் பிறகு தேடி வாசித்தேன். அந்த நேரம் கணக்கு ஒன்றும் ஓடவில்லை.

"மகள்," என்றேன், "அண்டைக்கு வயரிங்ல பிழ இருந்த உண்மதான். ஆனா முதல் பிழ என்ட. நீங்க கேட்டீங்க, நான் பிழையான பதில் சொன்னன். கடிதத்துல அத எழுதல்ல. வாப்பாக்கிட்டயும் சொல்லல்ல."

அவள் குனிந்து ஒரு குமிழை அழுத்திக்கொண்டிருந்தாள். "தெரியும் சேர்" என்றாள். "முதல் நாள் பிளக்குல கறுத்த டேப் மேல இருந்த. ரெண்டாவது நாள் கீழ இருந்த. விழுந்து கெடக்கக்க அதத்தான் பாத்துக் கெடந்தன்."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா ஸ்கூலுக்குப் புது வயரிங் வந்திரிக்குமா சேர்?"

அது மன்னிப்பா, பரிகாசமா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. வாப்பா எப்படி என்று கேட்டேன். 2020 இல் போய்விட்டார் என்றாள்.

தாள் ஓடத் தொடங்கியது. கோடு தடித்து, விளிம்பெல்லாம் ரோமம் முளைத்ததுபோல நடுங்கிக்கொண்டு வந்தது. அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். உம்மாவின் தலையணையைத் தூக்கினாள். கீழே என் போன் சார்ஜில் கிடந்தது.

"இதக் கழட்டுங்க சேர்" என்றாள்.

கழற்றினேன். கோடு மெலிந்து சுத்தமாக வந்தது.